குழந்தையின் கையில் கொடுக்கத் தகுந்தது எது?

(கோவை வட்டாரத்துப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராம வளர்ச்சி என்று சொன்னவுடன் சாலை, குடிநீர், தெரு விளக்கு, பள்ளிக்கூடம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மையைப் பற்றிப் பேசவா இத்தனை பேர் கூடினோம் என்று உங்களில் சிலர் எண்ணக் கூடும். ஆனால் நாம் போடும் சாலையில் நாளை நடக்கப் போகிறவர்களும், நாம் கட்டும் பள்ளியில் அமர்ந்து படிக்கப் போகிறவர்களும் இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தைகளே அல்லவா? அவர்களுடைய மூளையும் உடலும் குன்றாமல் வளரச் செய்வதைவிடப் பெரிய அபிவிருத்தி வேறொன்று இருக்க முடியாது.

கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளை பிடிக்கச் செல்லும் விவசாயி என்ன செய்கிறார்? பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், குளம்பைப் பார்க்கிறார், நடக்க விட்டுப் பார்க்கிறார். நாலு பேரைக் கேட்ட பிறகே விலை பேசுகிறார். விதை வாங்கும்போது சான்று விதைக்குரிய நீல நிற அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார். பூச்சி மருந்து வாங்கினால் டப்பாவின் மேல் உள்ள முக்கோணம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்று பார்த்து அதன் கடுமையை அறிந்துகொள்கிறார். இத்தனை விவரம் தெரிந்த அதே மனிதர், தேர்க்கடையில் பேரனுக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கும்போது விலையை மட்டும் கேட்டு வாங்கி வந்துவிடுகிறார். இந்த ஒரு குறையைப் போக்கிக்கொள்வது எப்படி என்பதே இன்று நான் சொல்ல வந்த விஷயம்.

குழந்தைக்கு வாயே கண்

நாம் ஒரு பொருளைக் கண்ணால் பார்த்து அறிகிறோம். ஆறு மாதக் குழந்தையோ அதை வாயில் வைத்து அறிகிறது. பல் முளைக்கும் பருவத்தில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறது, சப்புகிறது. ஆகையால் சிறு குழந்தைக்கு நாம் கொடுக்கும் பொம்மை, பாதி விளையாட்டுப் பொருள், பாதி உணவு என்றே கொள்ள வேண்டும். உணவில் எவ்வளவு கவனம் செலுத்துகிறோமோ அவ்வளவு கவனம் பொம்மையிலும் செலுத்துவது நியாயம்.

பொம்மையால் நேரும் தீங்குகளில் கண்ணுக்குத் தெரியாதது ஈயம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வர்ணங்கள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சில மலிவான பெயின்டுகளில் ஈயக் கூட்டுப் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. குழந்தை பொம்மையைக் கடிக்கும்போது வர்ணம் செதிளாக உரிந்து வயிற்றுக்குள் போகிறது. பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் உடம்பில் சேரும் பங்கைவிடக் குழந்தைகள் உடம்பில் சேரும் பங்கு நான்கு அல்லது ஐந்து மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத் தக்க அளவு ஈயத்துக்கு இல்லை என்பதும் அந்நிறுவனத்தின் முடிவு.

ஈயம் சேர்ந்த குழந்தை உடனே காய்ச்சலில் படுத்துவிடுவதில்லை. ஓடும், விளையாடும், பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அறிவு வளர்ச்சி மட்டுப்படும், கவனம் நிலைக்காது, இரத்தச் சோகை உண்டாகும். பள்ளிக்குச் சென்ற பிறகு, "பையனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று நாம் விதியை நொந்துகொள்கிறோம். மூளைக்கு ஒரு முறை நேர்ந்த கேட்டைப் பிற்பாடு மருந்து கொடுத்து முழுவதும் சரி செய்ய முடியாது. வரும் முன் காப்பதே இங்கே வழி.

இது எங்கோ நடக்கும் சங்கதி அன்று. 2020ஆம் ஆண்டில் யுனிசெப் நிறுவனமும் மற்றொரு நிறுவனமும் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகக் குழந்தைகளில் மூவருக்கு ஒருவர் வீதம், சுமார் 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில், கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. இவர்களில் 27 கோடிக்கு மேற்பட்டவர்கள் நம் இந்தியக் குழந்தைகள். இதற்குப் பொம்மை ஒன்றே காரணம் அன்று. பழைய பாட்டரிகளை உருக்குவது போன்ற வேறு பெருங் காரணங்களும் உண்டு. ஆயினும் பொம்மையின் வழியாக வரும் பங்கைத் தடுப்பது முழுவதும் நம் கையில் இருக்கிறது.

இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தையின் உடல் ஈயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். நம் பக்கத்துக் கம்பும் ராகியும் முருங்கைக் கீரையும் அந்தச் சத்துக்களைத் தருபவை என்பதையும் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

செல்வம் மிகுந்த நாடுகளும் இத்துறையில் ஏமாந்திருக்கின்றன. 2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவில் பெயர் பெற்ற ஒரு நிறுவனம், வர்ணத்தில் ஈயம் இருந்த காரணத்தால் 9 லட்சத்து 67 ஆயிரம் பொம்மைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அடுத்த ஆண்டே அந்நாடு குழந்தைகளின் பொருள்களுக்கென்று கடுமையான சட்டம் செய்தது.

நம் நாட்டில், வீடுகளுக்கு அடிக்கும் பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்னும் விதி 2016இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் முதல் அமலில் உள்ளது. பொம்மைகளைப் பொறுத்த வரையில், 2019இல் இந்தியத் தரக் குழுமம் டில்லிப் பகுதிக் கடைகளில் வெளிநாட்டுப் பொம்மைகளை வாங்கிச் சோதித்தபோது, நூற்றுக்கு 67 வீதம் சோதனையில் தேறவில்லை. அதன் பின்னர் மத்திய அரசாங்கம் 2020இல் பொம்மைகளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. அது 2021 சனவரி முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகள், உள்நாட்டில் செய்தவையாயினும் வெளிநாட்டிலிருந்து வந்தவையாயினும், ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருக்க வேண்டும்.

அம்முத்திரை பெறுவதற்கு என்னென்ன சோதனைகள்? விளிம்பு கூர்மையாக உள்ளதா, சிறு பாகம் கழன்று விழுகிறதா, எளிதில் தீப்பற்றுகிறதா என்று பார்க்கிறார்கள். ஈயம், பாதரசம், காட்மியம், ஆர்சனிக் முதலிய எட்டு நச்சுப் பொருள்கள் வர்ணத்திலிருந்து எவ்வளவு கரைந்து வருகின்றன என்று அளக்கிறார்கள். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட்டு என்னும் இரசாயனத்துக்கும் அளவு விதிக்கப்பட்டுள்ளது.

ஆகவே கடையில் பொம்மையைக் கையில் எடுத்ததும், பெட்டியின் மேலோ பொம்மையின் மேலோ ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். பொம்மைக்குரிய தர எண் 9873 அல்லது, மின்சாரத்தாலோ பாட்டரியாலோ இயங்குவதாயின், 15644 என்பதும், சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் அதனுடன் இருக்க வேண்டும். இந்த உரிம எண் மெய்யானதா என்பதை இந்தியத் தர நிர்ணயக் கழகத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைப்பேசிச் செயலியில் யாரும் பார்த்துக்கொள்ளலாம், புகாரும் செய்யலாம். கோவையிலேயே கழகத்தின் கிளை அலுவலகம் உள்ளது. முத்திரை இல்லாத பொம்மைகள் பெரிய கடைகளிலும் இருக்கக் கூடும். 2023 சனவரியில், விமான நிலையங்களிலும் பெரிய வணிக வளாகங்களிலும் இருந்த கடைகளிலிருந்தே 18,600 பொம்மைகள் கைப்பற்றப்பட்டன. கடையின் பளபளப்பு பொம்மைக்குச் சான்றாகாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. அரசாங்கத்தின் கைவினைப் பொருள் துறையில் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் இந்த முத்திரை கட்டாயமில்லை. நம் தொழிலாளிகளின் பிழைப்பைக் கருதிச் செய்த சலுகை இது, நல்லதே. ஆனால் அத்தகைய பொம்மையை வாங்கும்போது, என்ன மரம், என்ன வர்ணம் என்று செய்தவரையே கேட்டறிவது நம் பொறுப்பு. சென்னபட்டணத்துக் கடைசல் பொம்மைகளைப் போல, அரக்கும் தாவரச் சாயமும் ஏற்றியவையாயின் அச்சமில்லை. கடையில் வாங்கிய எனாமல் பெயின்டு அடித்தவையாயின், வாயில் வைக்கும் பருவத்துக் குழந்தைக்கு வேண்டாம்.

தொண்டையில் சிக்குவன

நஞ்சு மெல்லக் கொல்வது. மூச்சடைப்பு நிமிடங்களில் கொல்வது. பொம்மையின் கண்ணாகத் தைத்த பொத்தான், வண்டியின் சிறு சக்கரம், உடைந்த பலூன் துண்டு, பல்லாங்குழியின் புளியங்கொட்டை இவையெல்லாம் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக் கூடியவை. தேர் நாளில் வாங்கிய பலூன் வெடித்தவுடன் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எறிய வேண்டும்.

எது சிறியது, எது பெரியது என்று கண்டறிய உங்களிடமே ஒரு கருவி உள்ளது. சோதனைச்சாலையில் 31.7 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சப் பதித்த ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாயில் இரண்டு அங்குல நீளத் துண்டு ஒன்றை அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் துவாரம் சோதனை உருளையைவிடச் சிறிது அகலமானது. ஆகவே நமக்கு அதிகப் பாதுகாப்பே. அந்தத் துண்டுக்குள் நுழையும் எந்தப் பொருளும் மூன்று வயது ஆகாத குழந்தையின் கையில் இருக்கலாகாது. செலவில்லாத இந்தச் சோதனையை வீட்டுக்கு வீடு செய்யலாம்.

பொத்தான் போன்ற வட்டப் பாட்டரி மிகக் கொடியது. பாட்டுப் பாடும் பொம்மைகளிலும், மின்னும் பொம்மைகளிலும் அது இருக்கிறது. உணவுக் குழாயில் அது சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே தசையை அரித்துவிடும். பாட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தால் அன்றி அத்தகைய பொம்மையை வாங்க வேண்டாம். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் ஏற்பட்டாலும், வாந்தி எடுக்க வைக்காமல், 108 வண்டியை அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காலை வரை பார்ப்போம் என்று இருப்பது கூடாது. ஒன்றோடொன்று ஒட்டும் சிறு காந்தங்களும் இதே போல அபாயமானவை. தொட்டிலில் கட்டும் பொம்மையின் கயிறு ஒரு சாணுக்கு மேல் நீளமாக இருந்தால் கழுத்தைச் சுற்றிக்கொள்ளக் கூடும்.

நம் தோட்டத்திலேயே உள்ள நஞ்சு

இதுவரை கடைப் பொம்மையைக் குறை கூறினோம். கிராமத்துக் குழந்தை கடைப் பொம்மையோடு மட்டுமா விளையாடுகிறது? சாளையில் கிடக்கும் காலி மருந்து டப்பாவில் மண்ணை அள்ளி விளையாடுகிறது. மூடியைச் சக்கரமாக உருட்டுகிறது. பூச்சி மருந்துப் புட்டியைக் கழுவிவிட்டோம் என்று நாம் நினைத்தாலும், உட்புறத்தில் நஞ்சு ஒட்டிக்கொண்டே இருக்கும். மருந்து தீர்ந்தவுடன் மூன்று முறை நீர் விட்டு அலசி, அந்நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவை ஓட்டையிட்டு நசுக்க வேண்டும். காலிக் கலன்களை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைத்துவிட வேண்டும் என்று 1971ஆம் ஆண்டுப் பூச்சி மருந்து விதிகளே கூறுகின்றன.

டிராக்டரிலிருந்து கழற்றிய பழைய பாட்டரி, ஈயத்தின் கிடங்கு. திண்ணைக்குக் கீழே அதைப் போட்டு வைப்பதும், ஈயத்துக்காக வீட்டு வாசலில் உடைப்பதும் பெருந் தவறு. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது உற்பத்தியாளர் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள்.

கொங்கு நாட்டுக்கே உரிய மற்றோர் அபாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதுதான் சாணிப் பவுடர். வாசல் தெளிக்கச் சாணம் கிடைக்காத வீடுகளில் இதைக் கரைத்துத் தெளிக்கிறார்கள். பெயரில்தான் சாணி உண்டு, பொருளில் இல்லை. மஞ்சள் பவுடர் ஆரமின் என்னும் செயற்கைச் சாயம். பச்சைப் பவுடர் மாலக்கைட்டுப் பச்சை என்னும் செயற்கைச் சாயம். இரண்டும் உயிர் குடிக்கும் நஞ்சு. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டார மருத்துவர்கள் இதனை நன்கு அறிவார்கள். பளிச்சென்ற இந்த நிறம் குழந்தையைக் கவர்ந்து இழுக்கும். தெளித்த வாசலில் தவழும் குழந்தை அதே கையை வாயில் வைக்கும். வீட்டில் செய்த களிமண் பொம்மைக்கும் மரப் பொம்மைக்கும் இதைக் கரைத்து நிறமேற்றுவது அறவே கூடாது. இப்பவுடரை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதே நலம். வாசலுக்கு நிறம் வேண்டுமாயின் உண்மைச் சாணம் இருக்கிறது. இல்லையேல் வெறும் நீரே போதும்.

முன்னோர் கொடுத்தவை எல்லாம் நல்லவையா?

பழையன அனைத்தும் நல்லவை என்று சொல்ல முடியாது. தீயவை என்று தள்ளவும் முடியாது. ஒவ்வொன்றாக ஆராய்ந்து கொள்ள வேண்டும்.

வர்ணம் பூசாத மரப்பாச்சி, பனை ஓலைக் கிலுகிலுப்பை, கடைசல் பிடித்த செப்புச் சாமான் இவை நல்லவை. மரம் சிராய் இல்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும்; தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். ஓலைக் கிலுகிலுப்பையின் உள்ளே இருக்கும் கல் வெளியே வராதபடி முடைந்திருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். ஓலை பிரிந்ததை எறிந்துவிட வேண்டும்.

நடைவண்டியை நம் ஊர்த் தச்சர்கள் செய்து கொடுத்தார்கள். நிற்கக் கற்ற குழந்தை அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு தன் பலத்தால் நடக்கிறது. இன்று பலர் வாங்கும் 'வாக்கர்' அப்படியன்று. நிற்கத் தெரியாத குழந்தையை அதனுள் உட்கார வைத்தால், அது கண நேரத்தில் உருண்டு படியிலும் திண்ணையிலும் அடுப்பங்கரையிலும் போய் விழுகிறது. இந்தக் காரணத்தால் கனடா நாடு 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. இவ்விஷயத்தில் நம் தச்சரே புத்திசாலி.

ஆனால் வசம்பு வளையலைப் பற்றி மறு யோசனை வேண்டும். கையில் கட்டிய வசம்பைக் குழந்தை நாள் முழுவதும் சப்புகிறது. சிலர் உரைத்தும் புகட்டுகிறார்கள். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்னும் பொருள், ஆய்வுப் பிராணிகளுக்குப் புற்று நோய் உண்டாக்கியதால், உணவில் வசம்பைச் சேர்ப்பதை அமெரிக்கா 1968இலேயே தடை செய்தது. பாட்டிமார்கள் அன்பினால் செய்வதே இது. அவர்களைக் கோபித்துப் பயனில்லை. "ஆத்தா, கையில் வேண்டாம், வாய்க்கு எட்டுகிறது" என்று பணிவாக எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.

துணிப் பொம்மை வேண்டுமா? திருப்பூர் நம் பக்கத்தில் இருக்கிறது. வெளுத்த, சாயமேற்றாத பனியன் துணியைக் கொதிநீரில் அலசி, உள்ளே பஞ்சை அடைத்து, கண்ணுக்குப் பொத்தான் வைக்காமல் நூலால் தைத்துவிட்டால் அருமையான பொம்மை ஆகிவிடும். சாயத் துணியாயின் எச்சரிக்கை தேவை. புற்று நோய்க்கு இடம் தரும் சில அசோ சாயங்களை 1994இல் ஜெர்மனி தடை செய்தது; நம் அரசாங்கமும் 1997இல் தடை விதித்தது. ஏற்றுமதிக்குச் செல்லும் துணிக்கு அன்னியர் கேட்கும் தரத்தை, நம் குழந்தைக்கும் நாம் கேட்கலாம் அல்லவா? நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்தால் சாயம் ஒட்டும் துணியைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

இவை ஒன்றும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. விளிம்பைத் தேய்த்து மழுக்கிய கொட்டாங்குச்சி, சிறு எவர்சில்வர் கிண்ணம், மரக் கரண்டி ஆகியவற்றைத் தட்டி ஓசை எழுப்பி மகிழாத குழந்தை உண்டா? விலை உயர்ந்த பொம்மைதான் அறிவை வளர்க்கும் என்பது வியாபாரிகள் பேச்சு. தாயின் முகமும் தாலாட்டும், கூட அமர்ந்து விளையாடும் பெரியவர்களும் இருந்தால், குழந்தையின் அறிவு தானே மலரும்.

பஞ்சாயத்து செய்யக் கூடியவை

தனி மனிதர் கவனம் மட்டும் போதாது. ஊர் கூடிச் செய்ய வேண்டியவையும் உண்டு. பெட்ரோலில் ஈயம் கலப்பதை நம் நாடு 2000ஆம் ஆண்டில் நிறுத்தியது. ஒவ்வொரு வண்டிக்காரரும் தாமே விலகியதால் அன்று, பொது விதியால்தான் அது நடந்தது. அதுபோல ஊரளவில் நான்கு காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, நம் மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. உங்கள் ஊர் அங்கன்வாடியில் உள்ள பொம்மைகளை ஒரு நாள் சென்று பாருங்கள். வர்ணம் உரிந்தவை, உடைந்தவை, முத்திரை இல்லாதவை இருப்பின் விலக்கச் சொல்லுங்கள். நன்கொடையாகப் பொம்மை வாங்கித் தரும் பெரிய மனிதர்களிடம், எண்ணிக்கை குறைந்தாலும் முத்திரை உள்ளதையே தர வேண்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மாரியம்மன் நோம்பிக்கும் தேருக்கும் கடை போட இடம் தரும்போது, முத்திரை இல்லாத பொம்மைகளை விற்கலாகாது என்று வியாபாரிகளுக்கு முன்னதாகவே தெரிவித்துவிடுங்கள். ஓலைக் கிலுகிலுப்பை முடைபவருக்கும் மரச் சாமான் கடைபவருக்கும் முன் வரிசையில் இடம் கொடுங்கள்.

மூன்றாவது, காலி மருந்து டப்பாக்களையும் பழைய பாட்டரிகளையும் வீட்டோரம் வீசாமல் அப்புறப்படுத்த ஊருக்கு ஓர் ஒழுங்கு செய்யுங்கள். கிராம சபை கூடும் நாள்களில் ஒரு முறை இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்துத் தீர்மானம் செய்யலாம். சாணிப் பவுடர் விற்பதில்லை என்று ஊர்க் கடைக்காரர்கள் ஒப்புக்கொள்ளும்படியும் செய்யலாம்.

நான்காவது, மகளிர் சுய உதவிக் குழுவினர் சாயமற்ற துணிப் பொம்மைகளையும், ஊர்த் தச்சர்கள் வர்ணமற்ற மரப் பொம்மைகளையும் செய்ய ஊக்குவிக்கலாம். கைவினைஞராகப் பதிவு செய்துகொள்ள அவர்களுக்கு வழி காட்டினால், குழந்தைக்குப் பாதுகாப்பும் ஊருக்குத் தொழிலும் ஒருங்கே கிடைக்கும்.

அன்பர்களே, இவற்றில் எதுவும் நம் சக்திக்கு மீறியது அன்று. பெரும் பணமும் வேண்டியதில்லை. நாற்றங்காலில் பயிர் கெட்டுவிட்டால் வயலில் எவ்வளவு எரு போட்டும் பயனில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைப் பருவமே மனிதனின் நாற்றங்கால். அந்த நாற்றங்காலுக்குள் நஞ்சு புகாமல் காவல் காக்கும் பொறுப்பை ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.